டிராஃபிக் பிளாக்கில் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்: குமரி மாவட்ட ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை எந்நேரமும் வண்டிகள் நெருக்கியடிக்கும் சாலையில் மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஸ்போர்ட்ஸ் கார் என்று இங்கே சொல்வது டர்போ பெட்ரோல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் தரையை ஒட்டிய உடலும் உள்ள வண்டிகளை: ஐ20 என் லைன், வெர்டஸ் ஜிடி, இப்போது பழைய வண்டிச் சந்தையில் மட்டும் கிடைக்கும் அபார்த் புண்டோ போன்றவை. இறக்குமதியான இரண்டு சீட் கார்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

சாதா காரைவிட இதுக்க கிளட்ச் ஏன் இவ்வளவு கட்டியா இருக்கு?

கிளட்ச் தட்டை எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது, பிரஷர் பிளேட் என்ற அழுத்துத் தகட்டில் இருக்கும் டயாஃப்ராம் ஸ்பிரிங். எஞ்சினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, கூடக் கூட இந்தப் பிடியும் கூட வேண்டும், இல்லையென்றால் தட்டு வழுக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் தருவது 110 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். ஐ20 என் லைன் 172, வெர்டஸ் 1.5 டர்போ 250. ஸ்பிரிங் பலமானால் அதைத் தள்ளும் காலுக்கும் வேலை கூடும்.

புதிதில் லேசாக இருந்த கிளட்ச் நாள்பட நாள்பட கனத்தால் அது வேறு கதை. தட்டு தேயும்போது டயாஃப்ராமின் விரல்கள் நிற்கும் கோணம் மாறுகிறது, பெடல் கனமாகிறது. கேபிள் கிளட்ச் உள்ள பழைய வண்டி என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கேபிள் உறைக்குள் துரு பிடித்து இறுகுவது சாதாரணம். அந்தப் பழுதைக் கேபிள் மாற்றினாலே சரி செய்துவிடலாம், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

தக்கலை தாண்டுறதுக்குள்ள இடது முட்டு வலிக்குது. என்ன செய்ய?

பெரும்பாலானவர்களுக்கு சீட்டுதான் காரணம். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே காலை நீட்டிப் படுத்த மாதிரி உட்கார வேண்டும் என்று ஒரு நினைப்பு. கிளட்சைத் தரை வரை அழுத்தியபோதும் முட்டு லேசாக மடங்கியிருக்க வேண்டும். முழுக்க நீண்டுவிட்டால் கடைசி இரண்டு அங்குலத்தை இடுப்பைத் தள்ளித்தான் அழுத்துவீர்கள். சீட்டை முன்னால் இழுத்து, உயரம் கூட்ட வசதியிருந்தால் கொஞ்சம் கூட்டி, சாய்வை நிமிர்த்துங்கள்.

விரல்நுனியால் அழுத்தாமல் பாதத்தின் முன்பகுதியால் அழுத்துங்கள். வேலையில்லாத நேரம் கால் இடதுபுறக் கால்மேடையில் இருக்கட்டும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்தால் பெடலில் வழுக்கும், குதிகால் கழன்று பெடலுக்கு அடியில் மாட்டும். கனத்த அடிப்பாகம் உள்ள ஷூவும் உதவாது, கிளட்ச் கடிக்கத் தொடங்கும் இடம் (பைட்டிங் பாயிண்ட்) காலுக்குத் தெரியாது.

பைட்டிங் பாயிண்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அதை எப்படிப் பிடிக்கிறது?

சமதளமான காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஐம்பது நூறு இறங்கும், ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நடுக்கம் வரும், வண்டி நகரத் தொடங்கும். அந்த இடம்தான். அங்கேயே ஒரு நொடி காலை நிறுத்தி, வண்டி உருண்டதும் முழுதாக விடுங்கள். ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டியைக் கிளப்பப் பழகும்வரை செட்டிகுளம் சந்திப்புக்குப் போக வேண்டாம்.

பலர் ஆக்சிலேட்டரைக் கொடுத்துவிட்டு அப்புறம் கிளட்சை விடுகிறார்கள். டர்போ வண்டியில் அது குதிப்பில்தான் முடியும்.

சிக்னல்ல நிக்கும்போது முதல் கியரைப் போட்டு கிளட்சைச் சவுட்டிப் பிடிச்சிருந்தா தப்பா? சட்டுன்னு கிளம்பலாம்லா?

கிளட்சை முழுதாக அழுத்தியிருந்தால் தட்டு தேயாது. ஆனால் பெடலை அழுத்தும்போது ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் அத்தனை நேரமும் ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் தாங்கிச் சுழல்கிறது. உங்கள் காலும் தாங்குகிறது. பத்து நொடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் இரண்டாவது வண்டியின் பிரேக் விளக்கு அணைவதைப் பார்த்துக் கியர் போட்டால் போதும், நேரம் ஒன்றும் போய்விடாது.

முழுதாக அழுத்தாமல் பாதியில் பிடித்து நிற்பதுதான் உண்மையான கேடு. பழக்கத்தில் கால் தானாகவே அரை அங்குலம் மேலே வந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மார்த்தாண்டத்துல அரை மணி நேரமா ஊர்ந்துக்கிட்டே போகணும். அங்க எப்படி ஓட்ட?

சம்பளப் பணம் கிளட்சுக்குப் போகிற இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் தாங்களும் ஒரு அடி நகர்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தட்டு ஒருமுறை உரசுகிறது. பதினைந்து மீட்டருக்குள் ஐம்பது உரசல்.

கணக்கு இப்படி: முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருந்தால் 800 ஆர்பிஎம் ஐடிலில் வண்டி மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் தானாகவே நடக்கும். இன்றைய எஞ்சின்களில் கம்ப்யூட்டர் ஐடிலைப் பிடித்துக்கொள்வதால் அணையாது. ஆகவே முன்வண்டி நகர்ந்தவுடன் நகராதீர்கள். இரண்டு மூன்று கார் நீளம் இடைவெளி விழட்டும். பிறகு ஒரே முறை கிளப்பி, கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்து, அந்த இடைவெளியை ஐடில் வேகத்தில் தின்றுகொண்டே போங்கள். நெருங்கும்போது முன்வண்டி மறுபடி நகர்ந்திருந்தால் நிற்காமலே தொடரலாம். நகராவிட்டால் கிளட்ச், பிரேக், நியூட்ரல்.

ஐடிலில் வண்டி முன்னும் பின்னுமாக உலுக்கினால் ஆக்சிலேட்டரை மயிரிழை அளவு தொட்டு, அப்படியே அசையாமல் வையுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருந்தால்தான் இது வரும். உலுக்கலை அடக்கக் கிளட்சைப் பாதி அழுத்துவது மட்டும் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது: பெடல் ஒன்று முழுதாகக் கீழே, இல்லையென்றால் முழுதாக மேலே. நடுவில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இடைவெளி விட்டா ஆட்டோவும் பைக்கும் வந்து நுழைஞ்சிருமே?

நுழையும். நுழையட்டும். பைக் நுழைந்தால் அடுத்த நிமிடமே அது இன்னொரு சந்தில் புகுந்து போய்விடும். ஆட்டோ நுழைந்தால் நீங்கள் இழப்பது மூன்று மீட்டர் நீளம். மேம்பாலத்துக்குக் கீழே கடைத்தெருப் பிளாக்கில் மூன்று மீட்டர் என்பது ஐந்தாறு நொடி. பின்னால் ஹாரன் அடிப்பவரும் உங்களுக்குப் பின்னால்தான் வந்து சேரப் போகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் வலது பக்கம் நீங்கள் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் பெரிய வெளி விட்டால், பஸ் அதைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த காரின் கூரை பஸ் ஓட்டுநரின் இடது கண்ணாடியிலும் வலது கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. ஒன்று பின்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் அவர் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும் இடம்வரை தாண்டிவிடுங்கள். கேரளாவுக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

செகண்ட் கியர்லயே உருட்டிட்டுப் போகக் கூடாதா?

மணிக்கு 12–15 கிலோமீட்டருக்கு மேல் என்றால் தாராளமாக. வில்லுக்குறியிலிருந்து தக்கலை வரை மெதுவாக ஆனால் நிற்காமல் நகரும் நேரத்தில் இரண்டாவது கியர்தான் சுகம், உலுக்கல் பாதி குறையும். அதற்குக் கீழே இறங்கினால் எஞ்சின் முக்கும். முக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பது சிறிய டர்போ எஞ்சின்களுக்கு ஆகாது. குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வரும்போது சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறி வெடிக்கலாம், பிஸ்டன் உடைந்த வண்டிகள் உண்டு.

நின்ற இடத்திலிருந்து இரண்டாவது கியரில் கிளப்பாதீர்கள். அதேபோல் உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்குவதும் பல வண்டிகளில் முரண்டும். லிவரை இடித்துத் திணிக்க வேண்டாம். நியூட்ரலில் ஒரு நொடி கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி கிளட்சை அழுத்திப் போட்டால் வெண்ணெயாக விழும். பழைய லாரிக்காரர்களிடம் கேளுங்கள், காட்டித் தருவார்கள்.

காலை வச்சாலே வண்டி பாயுது. முன்னால உள்ளவன் பம்பர்ல போய் இடிச்சிருவோமோன்னு பயமா இருக்கு.

டர்போ ஊதத் தொடங்கும் இடத்தை உங்கள் வண்டியில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் இருக்கும். பிளாக்கில் அதற்குக் கீழேயே இருந்தால் பாய்ச்சல் வராது. ஸ்போர்ட் மோடில் ஆக்சிலேட்டர் பதில் கூர்மையாகிவிடும், ஊருக்குள் நார்மலில் வையுங்கள். ஸ்போர்ட் மோடில் சைலன்சர் சத்தமும் கூடும் என்பதற்காகவே அதைப் போட்டுக்கொண்டு மணிமேடையைச் சுற்றுபவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

ஏத்தத்துல நிக்கும்போது பின்னால பஸ் ஒட்டிக்கிட்டு நிக்கும். உருளாம எடுக்கிறது எப்படி?

மேம்பால ஏற்றத்தைவிட மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் குறுக்குச் சாலைகள்தான் சோதனை. தாழ்விலிருந்து ஏறி மெயின் ரோட்டைத் தொடும் வாயில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திருப்பிக்கொண்டே கிளப்ப வேண்டும். கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அப்படி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கடுமையாகத் தேய்க்கும்.

ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கை விடுங்கள். முதல் கியர். ஆக்சிலேட்டரை 1,300–1,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, கிளட்சை பைட்டிங் பாயிண்ட் வரை விடுங்கள். பானெட் கொஞ்சம் தூக்கும், பின்பக்கம் குந்தும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும், பட்டனை அழுத்திப் பிடித்து மெதுவாக. வண்டி ஒரு சக்கரச் சுற்று நகர்ந்ததும் கிளட்ச் முழுதாக மேலே. ஹேண்ட்பிரேக்கை இறக்கியதும் கிளட்சையும் சேர்த்து விட்டுவிடுவதால்தான் பலருக்கு அணைந்து போகிறது.

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தால் கால் பிரேக்கை எடுத்த பிறகு பெரும்பாலான கார்களில் சுமார் 2 நொடி பிடித்துக்கொள்ளும். அதற்குள் கிளட்ச் கடித்துவிட வேண்டும். சின்னச் சரிவில் அது வேலை செய்யாமலும் போகலாம், கண்ணை மூடி நம்பாதீர்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் பல கார்களில் சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் தானாக விடும்.

கரிஞ்ச வாடை வருது. வண்டியை ஆஃப் பண்ணிரணுமா?

முதலில் வாடை உங்கள் வண்டியுடையதா என்று பாருங்கள். இறக்கத்தில் வந்த லாரியின் பிரேக் வாடையும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றில் வைத்துச் சிறிது நேரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

உங்களுடையதுதான் என்றால், முன்னால் வழி இருக்கும்போது மேல் கியரில் கிளட்சைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டுவது நல்ல மருந்து. தட்டு வழுக்காமல் சுழன்றால் சூடு இறங்கும். வழி இல்லையென்றால் ஓரங்கட்டி, நியூட்ரலில் வைத்து, இருபது நிமிடமாவது ஆற விடுங்கள். ஒருமுறை வாடை வந்ததால் கிளட்ச் போய்விட்டது என்று பதற வேண்டாம். அடுத்த நாள் இதைச் செய்து பாருங்கள்: காலியான நேரான சாலையில் நான்காவது கியரில் மணிக்கு 45–50 கிலோமீட்டரில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. கிளப்பும்போது மட்டும் வண்டி நடுங்கினால் சூட்டில் ஃப்ளைவீலின் முகம் கெட்டிருக்கலாம்.

ஏசி போட்டுப் பிளாக்ல நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது.

நிற்கும் வண்டிக்குக் காற்று ரேடியேட்டர் ஃபேனிலிருந்து மட்டும்தான் வரும். டர்போ வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சரும், பல வண்டிகளில் டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அடுக்கியிருப்பதால் அடைப்பு சீக்கிரம் விழும். இலைச் சருகு, பூச்சி, மழைக்காலச் சேறு எல்லாம் அங்கே தேங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாழ்ந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷை நேரே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றும் போகாது.

முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு ஃபேனில் வையுங்கள். மே மாதத்தில் கொடுமைதான், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கக் கூடாது.

ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருக்கு. போட்டு வைக்கலாமா?

ரயில்வே கேட்டில் போடலாம். ஊர்ந்து போகும் பிளாக்கில் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டதும் எஞ்சின் நிற்கும், அழுத்தியதும் உயிர்க்கும். இருபது நொடிக்கு ஒருமுறை இது நடந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

மழையில ரோட்ல தண்ணி நிக்குது. தாழ்ந்த காரைக் கொண்டு போகலாமா?

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கேள்வி வரும். கதவின் அடிவிளிம்பைத் தண்ணீர் தொடும் என்றால் திரும்பிவிடுங்கள். இந்தக் கார்களில் காற்று இழுக்கும் வாய் பெரும்பாலும் கிரில்லின் மேல்விளிம்பில் இருந்தாலும், எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அதையும் எட்டும். போகலாம் என்றால் முதல் கியர், கிளட்ச் முழுதாக மேலே, ஒரே சீரான வேகம். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளிக் கரையேற்றி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

உயரமான வேகத்தடைக்கு, அனுமதிக்கும் இடம் இருந்தால், கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள். ஒரு சக்கரம் முதலில், மற்றது பிறகு. ஆனால் சாய்த்துத் திருப்புமுன் இடது கண்ணாடியைப் பாருங்கள், அங்கே ஒரு பைக் நிச்சயம் இருக்கும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கிளட்ச் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?

மேலே கரிந்த வாடைக்கான பதிலில் சொன்ன நான்காவது கியர் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு பைட்டிங் பாயிண்ட் பெடலின் மேல்முனையில் வருகிறதா என்று பாருங்கள். கேபிள் வண்டியில் அது தேய்மானத்தின் அடையாளம். ஹைட்ராலிக் வண்டிகள் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்வதால் பெடலைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ரிலீஸ் பேரிங் போயிருந்தால் கிளட்சை அழுத்தும்போது கீச்சென்று சத்தம் வரும், விட்டால் நிற்கும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) உள்ள வண்டி என்றால் எஞ்சினை நிறுத்தும் கணத்தில் கடகடவென்று அடிக்கிறதா என்று கேளுங்கள். அடித்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், கிளட்ச் செட்டைவிட அந்த ஃப்ளைவீல்தான் காசு.

மாற்றும்போது தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், கூலி ஒன்றுதான். பல வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கும் கிளட்சும் ஒரே டாட் 4 பிரேக் எண்ணெயைப் பகிரும் வண்டிகளில் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், அது ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் ஆவிக்குமிழ் விட்டு, பிளாக்கில் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ரீமேப் பண்ணி பவர் கூட்டினேன், இப்ப கிளட்ச் வழுக்குது. ரேஸ் கிளட்ச் போடச் சொல்லுதாங்க. போடட்டுமா?

ரீமேப்பில், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவதில், முதலில் கூடுவது நடு ஆர்பிஎம் டார்க். கம்பெனி கிளட்ச் அதற்காகக் கணக்கிடப்பட்டதல்ல, அதனால்தான் மூன்றாவது நான்காவது கியரில் வழுக்குகிறது. சின்டர்டு (பொடியைச் சூட்டில் இறுக்கிய) உலோகத் துண்டுகள் பதித்த ரேஸ் தட்டு இந்த டார்க்கை எளிதாகப் பிடிக்கும். ஆனால் அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் முழுதாக விடும். நடுவே வழுக்கிக் கிளப்பும் வேலை அதற்குத் தெரியாது. வேப்பமூடு சந்திப்பில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் வண்டி குதிக்கும், அல்லது அணையும். கூடவே லேசான ஃப்ளைவீலும் போட்டால் ஐடிலில் ஊர்ந்து போவதையே மறந்துவிட வேண்டும், அந்தச் சுழற்சிக்கு வண்டியைத் தாங்கும் எடை இல்லை.

தினசரி ஓட்டும் வண்டி என்றால் கம்பெனி கிளட்சில் இருப்பதுபோன்ற ஆர்கானிக் தட்டோடு பலமான பிரஷர் பிளேட் உள்ள செட்டைக் கேளுங்கள். பெடல் இன்னும் கொஞ்சம் கனக்கும், மற்றபடி பழையபடியே நடக்கும். புதிதாகப் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டர் முழு பூஸ்ட் கொடுக்காமல் ஊருக்குள்ளேயே ஓட்டித் தட்டைப் படிய விடுங்கள். செலவு தாங்காது என்றால் டியூன் செய்தவரிடமே திரும்பப் போய், கீழ் கியர்களில் டார்க்கைக் குறைத்து எழுதச் சொல்லலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.